மருந்தடிக்கும் முன்: ஒரு வரையறைக்கு உரை

பூச்சியியலில் பெரிதும் பேசப்படும் வரையறை ஒன்று 1959-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அது இருக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் இப்படி வைக்கலாம்:

‘பெருகிவரும் பூச்சி, பொருளாதாரச் சேதநிலையை எட்டிவிடாமல் தடுக்க, கட்டுப்படுத்தும் வேலையைத் தொடங்க வேண்டிய அடர்த்தியே பொருளாதார வரம்புநிலை.’

வேளாண் அலுவலர்கள் ‘இ.டி.எல்.’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடந்தால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காய் விளையும் ஏலமலை விரிகிறது. அங்கே இந்த ஒரு வரியைச் சரியாகப் படித்தாலே தெளிக்கும் மருந்து வெகுவாகக் குறையும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சொல் சொல்லாகப் பார்ப்போம்.

‘பெருகிவரும் பூச்சி’: வெறுமனே பூச்சி என்று நிறுத்தாமல் ‘பெருகிவரும்’ என்று அடை கொடுத்தது காரணத்தோடுதான். ஏலச்செடியின் முதல் எதிரியான இலைப்பேன் ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் பெருகும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தானே சரியும். ஆகவே மார்ச்சில் ஒரு பூச்சரத்தில் எண்ணிய தொகையும் ஜூலையில் எண்ணிய அதே தொகையும் ஒன்றாகா. முன்னது ஏறுமுகம், பின்னது இறங்குமுகம். மழைக்காலத்தில் இலைப்பேனுக்கு மருந்தடிப்பது, மழை இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கூலி கொடுப்பதாகும்.

ஒரு விலக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். நச்சுயிரியால் வரும் கட்டே நோயைப் பரப்பும் அசுவினிக்கு இந்த வரையறை பொருந்தாது. அது சாறு உறிஞ்சுவதால் வரும் நட்டம் அற்பம். ஆனால் நச்சுயிரியைச் சுமந்த சில அசுவினிகளே அடுத்த தூருக்கு நோயைக் கடத்திவிடும். அங்கே எண்ணிக்கை கூடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோய் கண்ட தூரை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி.

‘பொருளாதாரச் சேதநிலை’: உரை விரிய வேண்டிய இடம் இது. பூச்சி தொட்டதெல்லாம் சேதம்தான். ஆனால் எல்லாச் சேதமும் பொருளாதாரச் சேதம் அல்ல. தடுக்க ஆகும் செலவும், தடுத்ததால் மிஞ்சும் காயின் விலையும் சமமாகும் இடமே சேதநிலை. கணக்குக்காக, ஓர் ஏக்கருக்கு ஒரு சுற்று அடிக்க மருந்தும் கூலியும் சேர்ந்து 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உலர்காய் கிலோ 1,000 ரூபாய்க்குப் போனால் அந்தச் சுற்று 3 கிலோவையாவது காப்பாற்ற வேண்டும். கிலோ 3,000 ரூபாய்க்குப் போனால் 1 கிலோ போதும். விலை ஏறினால் சேதநிலை இறங்கும். விலை விழுந்தால் சேதநிலை ஏறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022 தொடக்கத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அதே தோட்டம், அதே பூச்சி. ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சேதம் பல மடங்கு மாறிவிட்டது. துண்டறிக்கையில் அச்சான ஒற்றை எண்ணை ஆண்டுக்கணக்கில் நம்பியிருப்பது எத்தனை பிழை என்று இதிலிருந்தே தெரியும்.

இலைப்பேன் காயின் எடையைவிடத் தரத்தையே அதிகம் கெடுக்கிறது. பிஞ்சில் அது சுரண்டிய தடம், காய் பருக்கப் பருக்கச் சொறியாக விரிகிறது. பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை வைக்கும் ஏலத்தில் சொறி விழுந்த காய் பின்னுக்குப் போகிறது. எனவே சேதத்தைக் கிலோவில் மட்டும் அளந்தால் பாதிக் கணக்குதான்.

செலவுப் பக்கமும் அப்படியே. ஏலப்பூவின் ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். காலையில் பூத்த சரத்தில் மருந்தடித்தால் தேனீ சாகும், பிடிக்க வேண்டிய காய் பிடிக்காது. அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. மருந்தின் எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறதென்று சவூதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பி அனுப்பியபோது, அடி ஒட்டுமொத்த மலைக்கும் விழுந்தது. அதிகமாக அடித்தவரும் அடிக்காதவரும் சேர்ந்தே விலை இழந்தார்கள். இவற்றைச் செலவில் சேர்க்காமல் போடும் சேதநிலை பொய்க்கணக்கு என்றே சொல்வேன்.

‘எட்டிவிடாமல்’: வரம்புநிலை வேறு, சேதநிலை வேறு என்பதை இந்தச் சொல்தான் காட்டுகிறது. நம் துண்டறிக்கைகளில் இரண்டுக்கும் ‘பொருளாதார சேதநிலை’ என்ற ஒரே பெயரைப் போடுவதுண்டு. அதில் இந்த இடைவெளி மறைந்துபோகிறது. வரம்பு எப்போதும் சேதநிலைக்குக் கீழேதான் நிற்கும், ஏனென்றால் மருந்து வாங்க, ஆள் கூட்ட, மழை விட நாள் பிடிக்கும். தண்டையும் காயையும் குடையும் புழுவான துளைப்பானை நினைத்தால் இது விளங்கும். இளம்புழு பிஞ்சிலும் சரத்திலும் இருக்கும்போது மருந்து படும். வளர்ந்து தண்டுக்குள் புகுந்து, துளை வழியே எச்சம் தள்ளத் தொடங்கிவிட்டால் மேலே தெளிப்பது அதைத் தொடாது.

‘கட்டுப்படுத்தும் வேலை’: மருந்து என்று வரையறை சொல்லவே இல்லை. துளைப்பானின் தாக்குதல் நூற்றுக்குப் பத்துத் தண்டுக்குக் குறைவாக இருந்தால், செப்டம்பர், அக்டோபரில் புதுத் துளை உள்ள தண்டுகளை வெட்டி அழிக்கச் சொல்வதே பரிந்துரை. இலைப்பேன் ஒளிவது இலையுறைகளுக்குள். காய்ந்த சருகையும் பழைய உறையையும் உரித்துப் போட்டால் அதன் புகலிடம் குறையும். நிழலைச் சீர்செய்வதும் இதே வகைதான். 1959-இன் நால்வரும் இயற்கை எதிரிகளைக் காப்பதையும் மருந்தையும் ஒன்றாக வைத்தே எழுதினார்கள்.

‘அடர்த்தி’: இது எண்ணினால் மட்டுமே தெரியும். தேதி பார்த்து அடிக்கும் தோட்டத்தில் இந்த வரையறைக்கு வேலையே இல்லை. பலர் எண்ணுவதில்லை, முதலாளி போடியில், தோட்டம் மேலே என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் ஏறிப்போய்த் தூரின் அடியில் குனிந்து காய் எடுக்கும் பெண்கள் ஒவ்வொரு சரத்தையும் கையால் தொடுகிறார்கள். எந்தப் பாத்தியில் சொறி கூடுகிறது, எந்தத் தண்டில் புதுத்துளை என்று முதலில் பார்ப்பவர்கள் அவர்களே. அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதி வைக்கும் தோட்டங்கள் மிகக் குறைவு. இது மாற வேண்டும்.

தோட்டக்காரர்களே, அடுத்த சுற்றுக்கு மருந்து கலக்கும் முன் தோட்டத்தில் பரவலாகச் சில தூர்களைத் தேர்ந்து, சொறி விழுந்த பிஞ்சையும் புதுத் துளையுள்ள தண்டையும் எண்ணச் சொல்லுங்கள். தேதியோடு எழுதி, போன முறை எண்ணியதோடு ஒப்பிடுங்கள். அந்த வாரத்து ஏல விலையை வைத்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்.