டெக்சாஸ் பருத்தி மண்ணில் ஜெர்மன், செக் குடும்பங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நாட்டுப்புறத்தில் ஜெர்மானியரும் செக் மக்களும் ஊர் ஊராக வந்து குடியேற வழிவகுத்தவை கடிதங்கள். ஓல்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஏர்ன்ஸ்ட் 1831-இல் அங்கே நாலாயிரம் ஏக்கருக்கும் மேலான நிலத்தைப் பெற்றார். டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் ஆட்சியில் இருந்தது. நிலம் தாராளமாகக் கிடைப்பதையும் குளிர் கடுமையில்லாததையும் விவரித்து அவர் ஊர் நண்பருக்கு எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியாகி, வடமேற்கு ஜெர்மனியின் குடியானவர்களைக் கப்பலேற வைத்தது. செக் மக்களுக்கு இதே வேலையைச் செய்தவர் யோசெஃப் அர்னோஷ்ட் பெர்க்மன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர். 1850-இல் கேட் ஸ்பிரிங் என்ற ஜெர்மானியர் ஊருக்கு வந்த அவர் எழுதியனுப்பிய கடிதங்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. செக் மக்களின் தாயகப் பகுதியான மொராவியாவின் செய்தித்தாளிலும் அச்சாயின.

நிலப்பசி இருபக்கமும் ஒன்றுதான். மொராவியாவிலும் அதன் அண்டைச் செக் பகுதியான பொஹீமியாவிலும் பண்ணையாருக்குச் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பு 1848-இல் ஒழிந்தது. உழைப்பு விடுபட்டதே தவிர நிலம் பெருகவில்லை. சிறு குடிசையும் சில துண்டு நிலமும் வைத்திருந்தவர்களுக்குப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க எதுவும் இல்லை. வெளியேறியவர்கள் பெரும்பாலும் இவர்களே. பரம ஏழைகளிடம் கப்பல் கட்டணத்துக்குப் பணமில்லை. வசதியுள்ளவர்களுக்குப் போகவேண்டிய தேவையில்லை.

பயணம் கொடியது. 1851-இல் யோசெஃப் ஷிலார் தலைமையில் கிழக்குப் பொஹீமியாவிலிருந்து புறப்பட்ட முதல் செக் குழுவில் ஏறத்தாழ பாதிப்பேர் வழியிலும், வந்து சேர்ந்த சிறிது காலத்திலும் இறந்தனர். அப்படியிருந்தும் 1853-இல் யோசெஃப் லெஷிகாரின் தலைமையில் அடுத்த குழு கிளம்பியது. ஜெர்மானியரின் துயரம் இதைவிடப் பெரிது. பிரபுக்கள் சிலர் கூடி 1842-இல் தொடங்கிய குடியேற்றச் சங்கம் 1844 முதல் 1847 வரை 7,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றியது. அவர்களைக் கொண்டுசேர்க்கப் போதிய பணமோ ஏற்பாடோ அதனிடம் இல்லை. 1846-இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டதும் மாட்டு வண்டிகளையெல்லாம் அமெரிக்கப் படை வாடகைக்கு எடுத்துக்கொள்ள, கடற்கரை முகாமில் சிக்கியவர்கள் நோயில் கொத்துக்கொத்தாக மடிந்தனர். தப்பியவர்கள் நியூ பிரான்ஃபெல்ஸ், ஃபிரெடரிக்ஸ்பர்க் ஆகிய ஊர்களை நிலைநிறுத்தினர்.

அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் கொமாஞ்சி பழங்குடியினருடையது. சங்கத்தின் பொறுப்பாளர் யோன் மோய்செபாஹ் 1847-இல் கொமாஞ்சிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்குள் அந்தப் பழங்குடி டெக்சாஸிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பருத்திப் பொருளாதாரமும் அன்று கறுப்பின அடிமைகளின் உழைப்பில் நின்றது. பெரும்பாலான ஜெர்மானியரும் செக் மக்களும் சொந்தக் குடும்ப உழைப்பை நம்பிய சிறு விவசாயிகள் என்றாலும், அடிமைகளை வைத்திருந்த ஜெர்மானியரும் உண்டு. குடியேறிகளின் உழைப்பைப் போற்றும் எந்த வரலாறும் இவற்றைத் தாண்டிப் போகக்கூடாது. உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலக் கூட்டமைப்பை ஏற்காமல் மெக்சிகோவை நோக்கிக் கிளம்பிய ஜெர்மானியர் குழு ஒன்றை 1862 ஆகஸ்டு 10 அன்று நியூசெஸ் ஆற்றங்கரையில் படையினர் தாக்கிக் கொன்றனர். அவர்களுக்கான நினைவுத்தூண் 1866-இல் கம்ஃபர்ட் ஊரில் எழுப்பப்பட்டது.

போர் முடிந்தபின் வந்தவர்களே எண்ணிக்கையில் மிகுதி. முன்னதாகப் போன அண்ணனோ மாமனோ இருக்கும் ஊரைத் தேடியே ஒவ்வொரு குடும்பமும் வந்ததால், மொராவியாவின் ஒரே வட்டாரத்து மக்கள் டெக்சாஸின் ஒரே வட்டாரத்தில் திரண்டனர். ஃபயெட், லவாக்கா, ஆஸ்டின் கவுண்டிகள் அவர்களால் நிறைந்தன. வீட்டிலிருந்த அத்தனை பேரும், சிறுவர்கள் உட்பட, பருத்தி எடுத்தார்கள். கையில் சேர்ந்த காசு மறுபடி நிலத்துக்கே போனது. மகனுக்கு மணமாகும் முன் பக்கத்திலேயே அவனுக்கென்று நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது தகப்பனின் கவலை. அந்த வட்டாரக் கல்லறைகளில் ஒரே குடும்பப் பெயர் வரிசையாகத் தொடர்வதற்கு இந்த வழக்கம் முக்கியக் காரணம். பல கல்லறைக் கற்களில் பிறந்த ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியப் பங்குக்கோயில் ஏடுகளில் மூதாதையரைத் தேடுவோருக்கு அந்த ஒற்றை வரியே பெரும்பாலும் தொடக்கப்புள்ளி.

தொலைவுப் பண்ணைகளில் இருந்த ஃபிரெடரிக்ஸ்பர்க் ஜெர்மானியர், வார இறுதியில் கடைவீதிக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கும் வந்து தங்குவதற்கென்றே ஊருக்குள் சின்னஞ்சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். ஞாயிற்றுக்கிழமை வீடுகள் என்று பெயர்பெற்ற அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. ஷூலன்பர்க் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெருமை ஓவியக் கோயில்கள். ஜெர்மானியரின் ஹை ஹில் கோயில் 1906-இலும், செக் மக்களின் பிராகா கோயில் 1895-இலும் எழுந்தவை. டுபினாவில் இருந்த கோயில் 1909-இல் புயலில் அழிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஊர்மக்கள் புதிதாகக் கட்டிவிட்டனர். வெளியே எளிமையாகத் தெரியும் இந்தக் கோயில்களின் உள்ளே மரத்தூண்கள் பளிங்குபோல் வண்ணம் தீட்டப்பட்டு, கூரையெங்கும் கொடியும் பூவும் விண்மீனும் படர்ந்திருக்கும். 1870-களில் இருப்புப்பாதை வேறு வழியாகப் போனபோது ஹை ஹில்லும் பிராகாவும் கடைகளையும் குடிகளையும் இழந்தன. பின்னர் எழுந்த அவற்றின் பெரிய கோயில்கள் இன்று ஆளில்லாத வயல்வெளியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயிலுக்கு ஈடாகச் சமூகத்தைக் கட்டியவை சங்கங்கள். குடும்ப மரபைக் காத்ததில் பாட்டி சொன்ன கதைகளுக்கு உள்ள பங்கைவிடச் சங்கங்களின் பங்கு பெரிது என்று தயங்காமல் கூறலாம். கேட் ஸ்பிரிங் ஜெர்மானியர் 1856-இல் வேளாண் சங்கம் தொடங்கி, மண்ணுக்கேற்ற பயிர்களைப் பற்றிக் கூடிப் பேசிக் குறிப்பேடு எழுதிவந்தனர். செக் மக்கள் காப்பீட்டில் இறங்கினர். உழைக்கும் தகப்பன் திடீரென்று இறந்துவிட்டால் கடனில் வாங்கிய நிலம் கைவிட்டுப் போகும். அந்த அச்சமே பரஸ்பர உதவிச் சங்கங்களின் அடித்தளம். கத்தோலிக்கர் 1889-இல் தங்களுக்கென ஒன்றை அமைத்தனர். 1897-இல் லா கிரேஞ்ச் ஊரில், அமெரிக்கா தழுவிய செக் சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள், டெக்சாஸ் ஸ்லாவிய உதவிச் சங்கத்தை நிறுவினர். சந்தா கட்டியவர்கள் கூடுவதற்குக் கூடம் தேவைப்பட்டது. அந்தக் கூடமே கல்யாணத்துக்கும் நாடகத்துக்கும் போல்கா நடனத்துக்கும் இடமானது. அங்கே ஒலித்த துருத்தி இசைக்கருவியான அக்கார்டியனையும் போல்கா தாளத்தையும் தெற்கு டெக்சாஸ் மெக்சிகோ வம்சத்தினர் தமதாக்கிக் கொண்டனர். அவர்களுடைய கொன்ஹுன்தோ இசை இன்றும் அக்கார்டியனை மையமாகக் கொண்டதுதான்.

முதல் உலகப்போர் தாய்மொழியைத் தாக்கியது. 1918-இல் டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. நெப்ராஸ்கா மாநிலம் இன்னும் கடுமையாக நடந்து, எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் அயல்மொழி கற்பிப்பதை 1919-இல் தடைசெய்தது. ஜெர்மன் சொல்லிக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ராபர்ட் மேயர் என்ற ஆசிரியரின் வழக்கில், 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நெப்ராஸ்கா சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டம் போனாலும் அச்சம் போகவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். வீட்டிலும் ஆங்கிலம் குடிபுகுந்தது. 1852-இல் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய நியூ பிரான்ஃபெல்ஸ் ஜெர்மன் செய்தித்தாள் 1957 வரை அந்த மொழியில் வெளிவந்தது.

டெக்சாஸ் ஜெர்மன் பேச்சுவழக்கைக் கடைசித் தலைமுறையிடமிருந்து ஒலிப்பதிவு செய்யும் பணியை மொழியியலாளர் ஹான்ஸ் போவாஸ் 2001-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். செக் பேச்சும் இதேபோல் பதிவாகி வருகிறது. நடுவில் பழமோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி இப்போது மாநிலமெங்கும் சாலையோரக் கடைகளில் விற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-ஐ ஒட்டிப் பிராகா கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் வம்சாவளியினர் திரண்டு வருகிறார்கள். 1897-இல் பிறந்த உதவிச் சங்கமும் டெம்பிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறது.