பெரும்பாக்கத்தின் மழைக்கால இருப்பு
பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் பெரும்பாக்கத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் பொருள் வாங்கி அடுக்கும் பதற்றத்தைப் பழக்கியது 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்குப் போனது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தைய நாளே கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆவின் பால் விநியோகம் தடைபட்டது. அந்த அனுபவத்தால் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் பால், பிரெட், காய்கறித் தட்டுகள் காலியாயின. வெள்ளத்துக்குத் தப்ப வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தப்பட்ட கார்கள் வரிசைகட்டின.

இப்படி வாங்கி அடுக்கக் கையில் காசு வேண்டும். நகரின் ஆற்றோரங்களிலிருந்து பெரும்பாக்கத்தின் 8 மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட கூலித் தொழிலாளர்களுக்கு ரேஷன் அரிசிதான் இருப்பு. மின்சாரம் போனால் மேல்மாடிக்குக் குடிநீரையும் படியேறியே சுமக்க வேண்டும்.