இளம்பிள்ளை வாத ஒழிப்பில் தன்னார்வலர்கள்

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கிக் கை கால்களை முடக்கும் வைரஸ் நோய். அசுத்தமான நீர், உணவு, கை வழியாகப் பரவும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் தடுக்கவே முடியும். ஒரு குழந்தையும் விடுபடாமல் தடுப்பு மருந்து கொடுக்க அரசு ஊழியர்கள் மட்டும் போதாத நிலையில், ஊராரே பெருந்திரளாகக் களமிறங்கியது இந்நோய் ஒழிப்பின் தனிச்சிறப்பு.

நாடு முழுவதும் குறித்த நாட்களில் அனைத்துக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1962இல் கியூபாவும் 1980இல் பிரேசிலும் கையாண்டன. கியூபாவில் குடியிருப்புக் குழுக்களே வீடுதோறும் சென்று குழந்தைகளை அழைத்து வந்தன. 1979இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க உதவிய ரோட்டரி சங்கம், 1985இல் ‘போலியோ பிளஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. உலகளாவிய ஒழிப்புத் தீர்மானத்தை 1988இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றியது. அப்போது 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டு வந்தனர்.

தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேலூரில் தொடங்குகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளில் பலருக்கும் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை என 1970களின் தொடக்கத்திலேயே கண்டார். ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்கும் முறையை வேலூர் நகரில் நடத்திப் பார்த்த அனுபவத்தை, அவரும் உடன் பணியாற்றியோரும் 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். பிற்கால இந்தியத் திட்டத்துக்கு வேலூரே முன்னோடி என்பாரும் உண்டு. லத்தீன் அமெரிக்க அனுபவமே அடிப்படை என்பாரும் உண்டு. இரண்டின் தடமும் அத்திட்டத்தில் தெரிகிறது.

1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில் நடந்த முகாமைத் தொடர்ந்து, 1995 டிசம்பரில் இந்தியா முழுவதும் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. முதலில் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கும், பின்னர் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அங்கன்வாடி, சத்துணவு மையம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிலையம், ரயில் நிலையம், சுங்கச்சாவடி, கோயில் வாசல் என முகாம் நாளான ஞாயிறு காலை 7 மணிக்கே மேசைகள் போடப்படும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் துணையாக ரோட்டரி உறுப்பினர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், செவிலியர் பயிற்சி மாணவியர் ஆகியோர் அமர்வர். ஒருவர் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விடுவார். இன்னொருவர் இடது கைச் சுண்டு விரலில் மை வைப்பார். மறுநாள் வீடு வீடாகச் செல்வோர் அந்த மையைப் பார்த்தே விடுபட்ட குழந்தையைக் கண்டறிவர். பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்ததும், அதன் மேலுள்ள வட்டத்தையும் அதனுள் இருக்கும் சதுரத்தையும் பார்ப்பர். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் வெப்பத்தால் கெட்டது. அதிகம் படிக்காத தன்னார்வலரும் ஒரே பார்வையில் மருந்தின் தரத்தை அறிய இந்தச் சிறு அடையாளம் வழிசெய்தது. செங்கல் சூளை, கட்டுமானப் பணியிடம், மீனவர் குப்பம் ஆகியவற்றுக்கு நடமாடும் குழுக்கள் சென்றன. அண்மைக்கால முகாம்களில் 43,000க்கும் மேற்பட்ட மையங்களில் 50 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டுள்ளது.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பணி கடினமாக இருந்தது. மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியை உள்ளூர்ப் பெண்களும் மதத் தலைவர்களும் வீட்டு வாசலில் நின்று பேசியே முறியடித்தனர்.

தமிழ்நாட்டில் 2004க்குப் பின் இயற்கைப் போலியோ வைரஸால் எவரும் பாதிக்கப்படவில்லை. அந்த வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்காசிய வட்டாரத்துக்குப் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது. இந்த வெற்றியில் முகாம்களின் பங்கு எவ்வளவு, வழக்கமான தடுப்பூசித் திட்டம், சுகாதார மேம்பாடு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொட்டு மருந்தே மிக அரிதாக வாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், ஊசி மருந்துக்கு முன்னதாகவே மாறியிருக்க வேண்டும் என ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் வாதிட்டனர். ஏழை நாடுகளில் அம்மாற்றம் எளிதன்று என்பது மறுதரப்பின் கருத்து. இந்தியாவில் ஊசி மருந்து 2015இல் சேர்க்கப்பட்டது.

ஒழிந்த நோய் திரும்பவும் கூடும். மலேசியாவில் 1992க்குப் பிறகு நெடுங்காலம் இந்நோய் இல்லை. 2000இல் மேற்குப் பசிபிக் வட்டாரத்துடன் அந்நாடும் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. ஆயினும் 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு, சொட்டு மருந்திலிருந்து திரிந்த வைரஸால் நோய் கண்டது. தொடர்ந்து அம்மாநிலத்தில் சொட்டு மருந்து இயக்கம் நடத்தப்பட்டது. பரவல் 2021 செப்டம்பரில் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

மூவகை இயற்கை வைரஸ்களில் இரண்டாம் வகை 2015இலும் மூன்றாம் வகை 2019இலும் ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டன. முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நீடிக்கிறது. பாகிஸ்தானில் 2012 முதல் சொட்டு மருந்துப் பணியாளர் பலர் கொல்லப்பட்டுள்ளனர். ஆயினும் பணி தொடர்கிறது.