பெயர்ப்பலகையில் இரண்டு பிழைகள்

பிஸ்கட் ரின் மூடிகளிலும் பழைய நாட்காட்டிகளிலும் இந்த வீட்டை நீங்கள் கண்டிருக்கக்கூடும். தடித்த வைக்கோல் கூரை, அது மேல்யன்னல்களைச் சுற்றிப் புருவம் மாதிரி வளைந்து இறங்கும். வெள்ளைச் சுவருக்குள்ளே கறுத்த மரச்சட்டங்கள், முன்னால் நிறையப் பூமரங்கள். இங்கிலாந்தின் வோரிக்‌ஷயரில், ஸ்ட்ராட்ஃபோர்ட் நகரத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, ஷொட்டரி என்ற ஊரில் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் மனைவி வளர்ந்த வீடு எண்டு சொல்லிச் சனம் ரிக்கற் எடுத்துப் பார்க்கப் போகுது. பெயர் 'ஆன் ஹத்தவேயின் கொட்டேஜ்'.

நாங்கள் அங்கே போனதில்லை. படங்களையும் வீட்டின் கதையையும் வைத்துக்கொண்டு எங்களுக்குள்ளே கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒண்டு விளங்கியது. அந்தப் பெயரில் இருக்கிறது இரண்டு விசயம், இரண்டுமே சரியில்லை. அது கொட்டேஜ் இல்லை. அது ஆனுடையதாக ஒருநாளும் இருந்ததுமில்லை.

முதலில் கொட்டேஜை எடுப்போம். பன்னிரண்டு அறை கொண்ட வீடு இது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இதோடு சேர்ந்து 90 ஏக்கருக்கு மேல் காணி இருந்தது. ஆனின் பாட்டன் ஜோன் ஹத்தவே 1543 இல் இங்கே குத்தகைக்காரர். ஆடு வளர்த்து, பயிர் செய்து, ஊரில் ஓரளவு தலையெடுத்த குடும்பம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொட்டேஜ் என்றால் காணியில்லாத, அல்லது துண்டுக்காணி மட்டும் வைத்திருந்த கூலிக்காரரின் இருப்பிடம். 1589 இல் ஒரு சட்டமே வந்தது: புதிதாக ஒரு கொட்டேஜ் கட்டுவதென்றால் அதோடு நாலு ஏக்கர் காணி இருக்கவேண்டும். நாலு ஏக்கர் வைத்திருந்தால் ஏன் ஒருவன் கூலிக்குப் போகிறான்? வேலை தேடி அலைகிற ஏழைகள் ஊருக்குள் வந்து குடியேறாமல் பார்ப்பதுதான் அதன் வேலை.

அப்படிப்பட்ட ஏழைகளின் வீடுகள் எங்கே? பெரும்பாலும் இல்லை. மெல்லிய தடியும் மண்ணுமாய்க் கட்டியவை, ஒன்றிரண்டு தலைமுறையில் கரைந்து போயின. ஓக் மரம் வாங்க வசதியிருந்தவனின் வீடுதான் ஐந்நூறு வருசம் நின்றது. பிறகு நகரத்துச் சனம் நாட்டுப்புறத்தை அழகென்று பார்க்கத் தொடங்கியபோது, எஞ்சி நின்ற அந்தக் கமக்காரரின் வீட்டுக்கே கொட்டேஜ் என்று பெயர் வைத்தது. ஏழை எளிமையாய்ச் சந்தோசமாய் வாழ்ந்தான் என்ற கதைக்கு, ஏழையில்லாதவன் வீட்டைச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கினம்.

இனி வீட்டுக்குள்ளே போவம். எங்களுக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான்.

ஆகப் பழைய பகுதி 1460களைச் சேர்ந்தது. அது க்ரக் என்ற முறையில் எழும்பியது. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஒரு ஓக் மரத்தைப் பார்த்துத் தெரிந்து, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரே மரத்தின் இரண்டு பாதியும் ஒரே வளைவு. அவற்றை எதிரெதிரே நிறுத்தினால் கும்பிட்ட கை மாதிரி முகட்டில் போய்ச் சேரும். கூரையின் பாரம் முழுவதும் அந்தச் சோடிகளில் இறங்குது. சுவருக்கு அங்கே வேலை குறைவு, குளிரை மறைத்தால் போதும். ஆகவே சட்டங்களுக்கு இடையில் வரிச்சுக் கட்டி, களிமண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்பினார்கள். வரிச்சுச் சுவர் எங்கட ஆக்களுக்குப் புதிதில்லை, விளக்கத் தேவையில்லை. மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்துப் பொருத்துவார்கள், இரும்பாணி இல்லை, மரமுளைதான். பிறகு மரம் காய்ந்து முறுகும். பழைய வீடுகளில் ஒரு தீராந்திகூட நேராக இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அந்த முதல் வீட்டில் மூன்றே அறைகள். நடுவில் இருந்த பெரிய அறைக்கு மேல்தட்டும் இல்லை, புகைக்கூடும் இல்லை. நிலத்தின் நடுவில் நெருப்பு, புகை கூரை வரை எழும்பி வைக்கோலுக்குள்ளால் கசிந்து வெளியே போகும். கீழே குனிந்திருந்தால் கண் எரியாது. 16 ஆம் நூற்றாண்டில்தான் இதெல்லாம் மாறியது. செங்கல்லாலும் கல்லாலும் புகைக்கூடு கட்டி நெருப்பைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். புகை போய்விட்டதால் மேலே வெறும் வெளி எதற்கு? குறுக்கே தீராந்தி போட்டு மேல்மாடி அமைத்தார்கள், அங்கே படுக்கை அறைகள் வந்தன. 1577 இல் வில்லியம் ஹரிசன் என்ற பாதிரியார், தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் காலத்தில் கண்ட மூன்று அதிசயங்களை எழுதி வைத்தார். ஒன்று, எங்கு பார்த்தாலும் புகைக்கூடு. இரண்டு, படுக்கை: முன்பெல்லாம் வைக்கோல் பாயில், தலைக்கு மரக்கட்டை வைத்துப் படுத்தார்களாம், தலையணை பிள்ளை பெற்றவளுக்கு மட்டும். மூன்று, மரத்தட்டுப் போய் உலோகத்தட்டு வந்தது. ஹொஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953 இல் இந்தக் காலத்துக்கு 'மாபெரும் மீள்கட்டல்' என்று பெயர் கொடுத்தார்.

குசினியில் பெரிய அடுப்பும் பக்கத்தில் பாண் சுடுகிற போறணையும் இருக்குது. போறணை வேலை லேசில்லை. உள்ளே சுள்ளி விறகை அடுக்கி எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் சாம்பலை வழித்தெடுத்து, அந்த வெக்கையிலேயே மாவை வைத்து மூடவேண்டும். பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, பன்றி இறைச்சியை உப்பிட்டுப் புகையில் தூக்கி, குளிர்காலம் முழுவதுக்கும் சேர்த்து வைப்பதும் இதே குசினிக்காரிகள்தான்.

பூந்தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எல்லாரும் படம் எடுக்கிற அந்தத் தோட்டம் 1920களில் எலன் வில்மொட் என்ற பெண்மணியின் யோசனைப்படி ஒழுங்கானது. ஹத்தவேக்கள் காலத்தில் அது பண்ணை முற்றம். அவ்விடத்தில் என்ன மணந்திருக்கும் என்று மாடு வைத்திருக்கிறவைக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் பூச்சும் இப்படித்தான், பழைய மரவீடுகள் பலவற்றுக்கு விக்ரோறியா காலத்து ரசனை பூசிவிட்ட நிறம்.

இனி ஆனுக்கு வருவோம். ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயப் பதிவேடு 1558 இல்தான் தொடங்குது, அவர் அதற்கு முன்பே பிறந்துவிட்டார். 1623 இல் இறந்தபோது வயது 67 என்று கல்லறைத் தகட்டில் இருப்பதை வைத்தே கணக்குப் பார்க்கிறார்கள். தகப்பன் ரிச்சர்ட் 1581 இல் எழுதிய மரணசாசனத்தில் அவரது பெயர் ஆனே இல்லை, அக்னஸ். கலியாண நாளில் கொடுக்கும்படி 6 பவுண் 13 சிலிங் 4 பென்ஸ் அவருக்கு. காணியும் வீடும் இல்லை. அதே சாசனத்தில் ரிச்சர்ட் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நடு அறையின் சுவர்ப்பலகைகளும், பக்கத்து அறையிலுள்ள இரண்டு தச்சுக் கட்டில்களும், மனைவி ஜோன் உயிரோடு விதவையாக இருக்கும்வரை அசைக்கப்படக்கூடாது. கட்டிலுக்குக் காவல்! தலைக்கு மரக்கட்டை வைத்துப் படுத்த தலைமுறை ஊரில் உயிரோடு இருந்த காலத்தில் தச்சுக் கட்டில் என்பது சொத்து.

அடுத்த வருசம், 1582 நவம்பரில், 26 வயது ஆன் 18 வயது வில்லியத்தைக் கட்டினார். 1583 மே மாதம் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கணக்கை நீங்களே பாருங்கோ. அதன்பின் ஷொட்டரி வீடு ஜோனின் பொறுப்பில், 1599 இல் அவர் போனபிறகு ரிச்சர்டின் மகன் பார்த்தலோமியுவின் கையில். 1610 இல் அவர் அதைக் குத்தகையிலிருந்து விடுவித்து அறுதியாக வாங்கினார். வீட்டை நிலைநிறுத்தியவர் அவர்தான், பெயர்ப்பலகையில் அவர் இல்லை. ஆனுக்குக் கணவரிடமிருந்து 1616 இல் கிடைத்தது எல்லாருக்கும் தெரிந்த அந்த 'இரண்டாவது நல்ல கட்டில்'. அதுவும் சாசனத்தின் வரிகளுக்கு இடையில் பிறகு சொருகியது. இது அவமதிப்பு என்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிச்சர்டின் சாசனத்தைப் பார்த்தபிறகு எங்களுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

புகைக்கூட்டில் ஒரு கல்லில் 'ஐ. எச். 1697' என்று வெட்டியிருக்குது. ஜோன் ஹத்தவே என்ற பிந்திய தலைமுறைக்காரர், அந்தக் காலத்தில் ஜே எழுத்துக்கும் ஐ தான். தங்கள் வீட்டில் அந்தக் குடும்பம் தானாகப் பெயர் வெட்டியது இப்படித்தான். ஆனின் பெயரை ஒட்டியவை யாத்திரை வந்தவர்கள். 1790களின் தொடக்கத்தில் சாமுவேல் அயர்லண்ட் என்ற படக்காரர் வந்தார், வீட்டைப் படம் கீறினார், ஷேக்ஸ்பியர் காதலித்த காலத்தில் இருந்த கதிரை என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். தகப்பனுக்கு இப்படிப்பட்ட சாமான்களில் இருந்த ஆசையைப் பார்த்த மகன், சில வருசத்தில் ஷேக்ஸ்பியர் எழுதியது என்று கடிதங்களையும் ஒரு முழு நாடகத்தையுமே தானாக எழுதிக் கொடுத்தான். 1796 இல் லண்டனில் அந்த நாடகம் மேடையேறிய ஒரே இரவில் சனம் சிரித்தே கலைத்துவிட்டது.

அயர்லண்டுக்கு அந்த வீட்டுக் கட்டிலிலும் ஒரு கண். ஆனால் எழுபது வயது தாண்டிய ஒரு கிழவி சின்ன வயதிலிருந்து அதில்தான் படுத்து வந்தார். மனிசி விற்கமாட்டேன் என்றுவிட்டார்.

1846 இல் கடன் நெருக்கி ஹத்தவேக்கள் வீட்டை விற்றார்கள், ஆனாலும் வாடகைக்கு அங்கேயே இருந்தார்கள். 1892 இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட நம்பிக்கை நிதியம் அதை வாங்கியபோது உள்ளே இருந்தவர் மேரி பேக்கர், ஹத்தவே வழி வந்தவர். 1969 இல் தீப்பிடித்து மோசமாகச் சேதமாகி, திருத்தி எடுத்ததெல்லாம் பிந்திய கதை. நிதியம் மேரி பேக்கரை எழுப்பவில்லை, காவற்பொறுப்பைக் கொடுத்தது. தன்னுடைய குசினிக்குள்ளேயே வருகிறவர்களைக் கூட்டிப்போய் அடுப்பையும் கதிரையையும் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு, 1899 இல் சாகும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.