ஆற்றின் வளர்சிதை மாற்றமும் ஊட்டச் சுருளும்

ஓர் ஆற்றில் வாழும் பாசி, நீர்த்தாவரம், பாக்டீரியா, பூஞ்சை, பூச்சி, மீன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் உருவாக்கும் கரிமப்பொருளுக்கும் சுவாசித்துச் செலவழிக்கும் கரிமப்பொருளுக்கும் உரிய வரவுசெலவுக் கணக்கே அந்த ஆற்றின் வளர்சிதை மாற்றம். ஒளிச்சேர்க்கையால் வரும் வரவை மொத்த முதல்நிலை உற்பத்தி என்றும், செலவைச் சூழல் மண்டலச் சுவாசம் என்றும் குறிப்பிடுவர். பெரும்பாலான ஆறுகளில் செலவே அதிகம். கரையிலிருந்து விழும் இலை, சுள்ளி, மண்ணிலிருந்து கசிந்துவரும் கரிமம் ஆகியவை துண்டுவிழும் தொகையை ஈடுகட்டுகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காட்டில் ஓடும் பேர் புரூக் என்ற சிற்றோடையை ஆராய்ந்த ஸ்டூவர்ட் ஃபிஷரும் ஜீன் லைக்கன்ஸும் 1973இல் வெளியிட்ட கணக்கில், ஓடைக்குக் கிடைக்கும் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்தே வந்தது.

இந்தக் கணக்கைப் போட ஒவ்வோர் உயிரையும் பிடித்து எடைபோட வேண்டியதில்லை. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பகலில் ஏறி இரவில் இறங்குவதை அளந்தாலே போதும் என்று ஹோவர்ட் ஓடம் 1956இல் காட்டினார். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. ஆகவே அப்போது குறைவது சுவாசத்தின் அளவு. பகலிலும் அதே வேகத்தில் சுவாசம் நடப்பதாகக் கொண்டு, ஆக்சிஜன் ஏற்றத்தோடு அதைக் கூட்டினால் உற்பத்தி கிடைக்கும். பகலில் சுவாசம் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் இந்த அனுமானம் சற்றுத் தளர்வானதுதான். அதைவிடப் பெரிய தொல்லை காற்று. நீர்ப்பரப்பு வழியாக ஆக்சிஜன் ஓயாமல் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பதால், அந்தப் பரிமாற்றத்தைக் கழித்தாக வேண்டும். பாறையில் மோதி நுரைத்து இறங்கும் மலை ஓடைகளில் இது மிகப் பெரிதாகி, உயிர்கள் ஏற்படுத்தும் மாற்றத்தையே மறைத்துவிடும். கணக்கில் பிழை நுழையும் முதன்மையான வழி இதுவே.

கரிமத்திலிருந்து ஊட்டச்சத்துக்கு வருவோம். நிலத்தில் ஒரு மரம் உதிர்த்த சத்து அதன் வேருக்கே திரும்பலாம். ஓடும் நீரில் அது நடவாது. பாசி உறிஞ்சிய பாஸ்பரஸ் அணு, பாசி மடிந்து அழுகியதும் மீண்டும் கரைந்து, கீழே வேறோர் இடத்தில் வேறோர் உயிரிடம் சேரும். சுழற்சி நீரோட்டத்தால் இழுபட்டுச் சுருளாக நீள்கிறது. அதனால் இங்கே காலத்தோடு தொலைவையும் அளக்க வேண்டியிருக்கிறது. ஓர் அணு நீரில் கரைந்து போகும் தூரமும், உயிரிலோ துகளிலோ தங்கி நகரும் தூரமும் சேர்ந்ததே ஒரு சுருளின் நீளம். ஊட்டச் சுருள் என்ற இக்கருத்தை ஜாக் வெப்ஸ்டரும் பெர்னார்ட் பேட்டனும் 1979இல் முன்வைத்தனர்.

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், அணுகுண்டுத் திட்டத்துக்காகத் தோன்றிய ஆய்வகத்தின் எல்லைக்குள் வாக்கர் பிராஞ்ச் என்ற காட்டோடை உள்ளது. அதில் டெனிஸ் நியூபோல்டும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கலந்து பின்தொடர்ந்தனர். 1983இல் வெளியான முடிவின்படி, ஒரு சுருளின் சராசரி நீளம் 190 மீட்டர்; அதில் 165 மீட்டர் நீரோடு கரைந்து போனது, எஞ்சிய 25 மீட்டர் துகள்களிலும் உயிர்களிலும் நகர்ந்தது. ஒரு சுற்று முடிய ஆன காலம் சுமார் 18 நாள். நீரோ அத்தொலைவைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஆக, அணு தன் காலத்தில் பெரும்பகுதியைத் தங்கியே கழிக்கிறது. இப்போது இயற்கை ஓடையில் கதிரியக்கப் பொருளை ஊற்ற எளிதில் அனுமதி கிடைக்காது. நைட்ரஜனைப் பின்தொடர நைட்ரஜன்-15 என்ற கதிரியக்கமற்ற ஐசோடோப்பு உண்டு. பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை.

சுருளின் நீளத்தைத் தீர்மானிப்பதில் வளர்சிதை மாற்றத்துக்கும் பங்குண்டு. வாக்கர் பிராஞ்சில் ஆண்டுக்கு இருமுறை நீரின் சத்துச் செறிவு தாழ்கிறது. மரங்கள் தளிர்க்குமுன், வெயில் நேரே ஓடையில் விழும் இளவேனில் வாரங்களில் பாசி பெருகிச் சத்தை இழுக்கிறது. இலையுதிர் காலத்தில் இழுப்பவை வேறு: உதிர்ந்த இலைகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு என்பதால், அவற்றைத் தின்று வளரும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மீதித் தேவைக்கு நீரையே நாடுகின்றன.

அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் ஆய்வுக்காகப் பாஸ்பரஸ் சொட்டவிடப்பட்டது. அதுவரை வெளிக்கரிமத்தை நம்பியிருந்த அந்தத் துந்திரப் பகுதி ஆறு, சுவாசத்தை மிஞ்சும் உற்பத்திக்கு மாறியது. முதலில் பெருகியவை டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, நீர்ப்பாசிகளின் இடத்தில் மாஸ் தாவரங்கள் ஆற்றுப்படுகையை மூடிக்கொண்டன. ஓரிரு கோடையோடு நிறுத்தியிருந்தால் இந்த மாற்றம் தெரியவே வந்திருக்காது.

நைட்ரஜனுக்கு ஆற்றைவிட்டு முற்றிலும் வெளியேறும் வழியும் இருக்கிறது. ஆக்சிஜன் அற்ற சேற்றில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. அமெரிக்காவில் காடு, வயல், நகரம் என மூவகை நிலங்களில் ஓடும் 72 ஓடைகளில் நைட்ரஜன்-15 கலந்து பேட்ரிக் மல்ஹாலண்டின் குழு இதை அளந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வு, நீரில் நைட்ரேட் கூடக்கூட அதில் ஓடை நீக்கும் பங்கு குறைகிறது என்று கண்டது. நீக்கப்படும் மொத்த அளவு கூடினாலும், வந்துசேரும் அளவுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. மீதி கீழே போகிறது. மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை எட்டும் நைட்ரேட் அங்கே நுண்பாசியைப் பெருக்குகிறது. அது அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 1985 முதல் அளக்கப்பட்டுவரும் இந்த ஆக்சிஜன் வறண்ட பரப்பு, 2017 கோடையில் சுமார் 22,700 சதுர கிலோமீட்டராக இருந்தது.