புகுமுக வகுப்பு

புகுமுக வகுப்பு: பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் பட்டப் படிப்பில் சேருமுன் கல்லூரியில் படித்த ஓராண்டுப் படிப்பு. முழுப் பெயர் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு; பேச்சு வழக்கில் பி.யூ.சி. தமிழ்நாட்டில் 1956-57 கல்வியாண்டில் தொடங்கி, 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் வழக்கொழிந்தது. நடந்தது இருபத்திரண்டு ஆண்டுகளே. ஆயினும் 1940களிலும் 1950களிலும் பிறந்து கல்லூரி வாசலை மிதித்த தமிழ்நாட்டவர் அநேகமாக எல்லோரும் இதன் வழியாகவே போனவர்கள்.

இலங்கைத் தமிழில் ‘புகுமுகம்’ என்பது பள்ளிக்குள்ளேயே நடந்த உயர்தர வகுப்பையும் அதன் தேர்வையும் சுட்டும், அது வேறு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி விடுதிப் பள்ளிகளில், பள்ளி முடித்தவர் கல்லூரிக்குப் போகுமுன் இன்னும் ஓர் ஆண்டு தங்கிப் படிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. விளையாட்டில் தேறவோ மதிப்பெண்ணைக் கூட்டவோ வசதியுள்ளவர்கள் அந்த ஆண்டை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். புகுமுக வகுப்பில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை. கல்லூரிக்கு வேறு வாசல் கிடையாது.

முன்வரலாறு

இதன் வேரை மதுரைச் சீமையில் தேடிப் போனால் திருமங்கலத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த வில்லியம் டிரேசி 1842இல் அங்கே உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மிஷனுக்கு வேண்டிய ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்குவது அதன் நோக்கம். 1845இல் பள்ளி பசுமலை அடிவாரத்துக்கு மாறியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்து மெட்ரிகுலேஷன் தேர்வு நடைமுறைக்கு வந்தபின், அதில் தேறியவரை மேலே என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பசுமலை அதற்கு 1881இல் விடை கண்டது. ஜார்ஜ் வாஷ்பர்ன் தலைமையில் அங்கே பட்டத்துக்கு முந்திய எஃப்.ஏ. வகுப்புகள் தொடங்கின. பட்ட வகுப்பு இல்லாமல் எஃப்.ஏ.யோடு நின்ற இத்தகைய நிறுவனங்களுக்கு ‘இரண்டாம் தரக் கல்லூரி’ என்று பெயர். தரக்குறைவு என்று இதற்குப் பொருளில்லை. படியின் உயரத்தைச் சொல்லும் சொல் அது.

பசுமலையில் பள்ளி, விடுதி, கல்லூரி வகுப்பு மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தன. மெட்ரிக் தேறிய பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போகத் தேவையில்லாமல், அதே பாயில் படுத்து அதே மணியோசைக்கு எழுந்து கல்லூரி மாணவனானான். பள்ளிக்கும் பட்டத்துக்கும் இடைப்பட்ட படிப்பு விடுதிப் பள்ளிக்குள்ளேயே நடந்ததற்கு இவ்வட்டாரத்தின் தொடக்கக்கால எடுத்துக்காட்டு இது. எனவே புகுமுக வகுப்பின் முன்னோடியாக இதைக் கொள்வதே பொருத்தம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சம்ப்ரோ முதல்வராக இருந்தபோது, கல்லூரிப் பகுதி மட்டும் பிரிந்து வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்துக்குப் போனது. அதுவே இன்றைய அமெரிக்கன் கல்லூரி. வாஷ்பர்ன், சம்ப்ரோ இருவர் பெயரும் அங்கே விடுதிகளுக்கு வாய்த்தன.

1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தைத் தொடர்ந்து எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. மெட்ரிகுலேஷன் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. உட்கார்ந்தது. பள்ளியில் 11 ஆண்டு, இன்டர்மீடியட் 2, பி.ஏ. 2 என்று கணக்கு 15 ஆனது. இந்த 15 அதற்குப்பின் அசையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சீர்திருத்தமும் ஓர் ஆண்டை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் ஒட்டுப்போட்ட தையல் வேலைதான்.

தோற்றம்

1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, 12 ஆண்டு படித்த பிறகே பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்றது. 1952-53இல் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு இன்டர்மீடியட்டை உடைத்து, ஓர் ஆண்டைப் பள்ளிக்கும் ஓர் ஆண்டைப் பட்டப் படிப்புக்கும் கொடுக்கச் சொன்னது. முதலியார் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும்கூட. தாம் எழுதிய பரிந்துரையைத் தாமே செயல்படுத்தும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. பள்ளியில் ஏற்கெனவே 11 ஆண்டு இருந்த சென்னை மாநிலத்தில் அந்த ஓர் ஆண்டு பள்ளிக்குப் போகாமல் கல்லூரியிலேயே தங்கிவிட்டது. 11+1+3 என்ற அமைப்பு இப்படி வந்ததுதான்.

பாடங்கள் ஆங்கிலம், தாய்மொழி, விருப்பப் பாடம் மூன்று. கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர் ஐந்தாண்டுப் பொறியியலுக்குப் போகலாம். இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் எடுத்தவர் மருத்துவக் கனவு காணலாம். மற்றவர்க்குக் கலைப் பிரிவு. ஏப்ரலில் தவறியவர் செப்டம்பரில் மறுபடி எழுதினார்.

கல்லுப்பட்டி வட்டாரத்தில்

இந்த அமைப்பு சிற்றூர்களை எப்படித் தொட்டது என்பதற்கு டி. கல்லுப்பட்டி ஓர் எடுத்துக்காட்டு. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள இவ்வூரில் 1940இல் கோ. வேங்கடாசலபதி காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். கைத்தொழிலோடு சேர்ந்த ஆதாரக் கல்வியே ஆசிரமத்தின் வழி. பல்கலைக்கழகத் தேர்வை நோக்கிப் பிள்ளைகளை ஓட்டும் கல்வியில் காந்தியர்களுக்கு மதிப்பு இருந்ததில்லை. பெற்றோரின் எண்ணம் வேறு. 1954க்குப் பின் காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகி, வீட்டில் முதல் ஆளாக எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகள் வந்தபோது, அவர்கள் கேட்டது பி.யூ.சி.தான்.

அது ஊரில் இல்லை. வடக்கே மதுரையில் அமெரிக்கன், மதுரை, தியாகராசர் கல்லூரிகள். பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா. தென்கிழக்கே விருதுநகரில் 1947இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரி. 1963 முதல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. எங்கே போனாலும் பஸ் ஏற வேண்டும், பெரும்பாலோர் விடுதியில் தங்க வேண்டும். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், மெஸ் பில்லுக்கு அடகு போன ஒரு நகை. பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டைவிட்டு முதன்முதலாக வெளியேற்றியது இந்த ஓர் ஆண்டுதான். அதனால்தான் பி.யூ.சி. படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாடத்தைவிட விடுதியைப் பற்றியே அதிகம் சொல்வார்கள்.

பாடம் நினைவில் நிற்காததற்கு வேறு காரணமும் உண்டு. பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் திடீரென்று ஆங்கிலத்தில் உட்காரவைக்கப்பட்டது. நேற்றுவரை முடுக்கமாக இருந்தது ‘ஆக்சிலரேஷன்’ ஆனது. கரியமில வாயு ‘கார்பன் டை ஆக்ஸைடு’ ஆனது. தெரிந்த பாடமே தெரியாத பாடமாகத் தோன்றியது. காதில் விழுந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, இரவில் விடுதி விளக்கடியில் அகராதியைப் புரட்டி எழுத்துக்கூட்டு கண்டுபிடித்தவர்கள் ஏராளம். பி.யூ.சி.யில் தவறியவர் பலர் அறிவியலில் தவறவில்லை, ஆங்கிலத்தில் தவறினார்கள். ‘பி.யூ.சி. ஃபெயில்’ என்பது ஒரு தலைமுறைக்குத் தனிப் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ்வழியில் தொடங்கியது. புகுமுக வகுப்புக்கும் பிறகு தமிழ்வழிப் பிரிவுகளும் தமிழ்ப் பாடநூல்களும் வந்தன. எனினும் அறிவியல் பிரிவை நாடியவர் ஆங்கிலத்தை விடவில்லை.

முடிவு

1964-66 கோத்தாரி குழு 10+2+3 என்றது. தமிழ்நாடு 1978இல் அதற்கு மாறி, 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வை நடத்தியது. அந்த ஓர் ஆண்டு கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் போனது. கல்லூரிகள் தங்கள் மாணவரில் பெரும் பகுதியை ஒரே வீச்சில் இழந்தன. பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் என்ற புதிய பணியிடம் முளைத்தது. டி. கல்லுப்பட்டிப் பிள்ளைகள் பஸ் ஏறாமலே அதைப் படித்து முடித்தார்கள். காந்தி நிகேதன் ஆசிரமத்தின் பள்ளியும் இன்று மேல்நிலைப் பள்ளி. கர்நாடகத்தில் பி.யூ.சி. என்ற பெயர் ஈராண்டுப் படிப்புக்கு இன்னும் வழங்குகிறது. ஆந்திரத்தில் இன்டர்மீடியட் பிழைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு அறிவிக்கைகளில் ‘10+2+3 அல்லது 11+1+3’ என்ற வரி பல்லாண்டுகள் தொடர்ந்தது.

இன்று

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட ஓர் ஆண்டு இப்போது வேறு உருவில் மீண்டிருக்கிறது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்தபின் பிளஸ் டூ முடித்தவர்கள் பயிற்சி மையங்களின் விடுதிகளில் தங்கி இன்னோர் ஆண்டு படிப்பது பெருகியுள்ளது. மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் முந்தைய ஆண்டுகளிலேயே பிளஸ் டூ முடித்தவர்கள் 2016-17இல் சுமார் 12 விழுக்காடு, 2020-21இல் சுமார் 71 விழுக்காடு என்று நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கணக்குக் காட்டியது.