நாகமுலாமிட்ட படகு இழுவண்டியைப் பற்றவைத்தல்

நாகமுலாமிட்ட படகு இழுவண்டியைப் பற்றவைத்தல் என்பது, துத்தநாகப் பூச்சுடைய எஃகுச் சட்டத்தாலான படகு இழுவண்டியில் தோன்றும் விரிசல்களையும் அரிமானச் சேதங்களையும் மின்வில் பற்றவைப்பின் மூலம் சீர்செய்து, தேவையான இடங்களில் வலுவூட்டும் பணியாகும். பேச்சு வழக்கில் இழுவண்டி டிரெய்லர் என்றும், பற்றவைப்பு வெல்டிங் என்றும், நாகமுலாம் கால்வனைசிங் என்றும் வழங்கப்படுகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளில் சிறு படகுகளை வீட்டில் நிறுத்தி வைத்து, மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் சென்று நீரில் இறக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அங்கெல்லாம் இப்பணியை உரிமையாளர்கள் சிலர் தம் வீட்டு முற்றத்திலேயே செய்கின்றனர்.

சாதாரண எஃகைப் பற்றவைப்பதிலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, வெப்பத்தால் ஆவியாகும் துத்தநாகம் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கிறது. இரண்டாவதாக, அதே ஆவி இணைப்பினுள் புகுந்து அதன் வலிமையைக் குறைக்கிறது. மூன்றாவதாக, எரிந்துபோன பூச்சை மீண்டும் உருவாக்காவிடில் சீர்செய்த இடமே முதலில் துருப்பிடிக்கிறது.

பின்னணி

இரும்பின் மீது உருகிய துத்தநாகத்தைப் பூசும் முறையைப் பிரான்சு நாட்டு வேதியியலாளர் மலூவன் 1742 ஆம் ஆண்டு விவரித்தார். 1837 இல் பிரெஞ்சுப் பொறியாளர் சோரெல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய முறையில், அமிலத்தால் தூய்மையாக்கப்பட்ட எஃகுச் சட்டம் சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள துத்தநாகத் தொட்டியில் முழுமையாக அமிழ்த்தப்படுகிறது. இரும்பும் துத்தநாகமும் கலந்த கலப்புலோகப் படலங்கள் அடியிலும், ஏறத்தாழத் தூய துத்தநாகப் படலம் மேலும் அமைகின்றன. ஐ.எஸ்.ஓ 1461 சீர்தரப்படி, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள எஃகில் பூச்சின் சராசரித் தடிப்பு குறைந்தது 70 மைக்குரோமீட்டர் இருத்தல் வேண்டும்.

இப்பூச்சு இருவகையில் காக்கிறது. நீரும் காற்றும் எஃகைத் தொடாமல் தடுப்பது ஒன்று. சிறு கீறல் விழுந்த இடத்திலும், எஃகுக்கு முன்னதாகத் தானே அரிபட்டு எஃகைக் காப்பது மற்றொன்று. உப்பு நீரில் மீண்டும் மீண்டும் அமிழும் படகு இழுவண்டிகளுக்கு நாகமுலாம் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

சேதம் தோன்றும் இடங்கள்

இழுவண்டிச் சட்டத்தில் விரிசல் பெரும்பாலும் கீழ்க்காணும் இடங்களில் தோன்றுகிறது.

* இழுதண்டு முன் குறுக்குச் சட்டத்துடன் சேரும் இடம்
* பட்டைவில்களைத் தாங்கும் கொளுவிகள் சட்டத்துடன் சேரும் இடம்
* படகை இழுத்தேற்றும் சுழல்சகடையைத் தாங்கும் தூணின் அடிப்பகுதி
* படகின் அடிப்பகுதியைத் தாங்கும் உருளைகள் அல்லது மரப்பட்டைகளின் தாங்கிகள்

பெட்டி வடிவக் குழாய்களின் உட்புறத்தில் உப்பு நீரும் மணலும் சேறும் தேங்குவதால், வெளியே பளபளப்பாகத் தோன்றும் குழாய் உள்ளே மெலிந்திருக்கக்கூடும். வடிகால் துளைகளின் ஓரத்தில் பழுப்பு நிறக் கறை வழிவது இதன் முதல் அடையாளமாகும். சிறு சுத்தியலால் தட்டும்போது நல்ல எஃகு கணீரென ஒலிக்கும்; மெலிந்த எஃகு மந்தமாக ஒலிக்கும். கூரிய ஆணியால் அழுத்தும்போது உட்குழிந்தால் அப்பகுதி பயனற்றது. மீயொலித் தடிப்புமானி மூலம் சுவரின் எஞ்சிய தடிப்பைத் துல்லியமாக அளக்கலாம்.

உலோகக் களைப்பினால் மட்டும் விரிசல் விட்ட, தடிப்புக் குறையாத சட்டத்தைப் பற்றவைத்துச் சீர்செய்ய இயலும். அரிமானத்தால் மெலிந்த சட்டத்தின் மீது பற்றவைத்தால் எஃகு உருகி ஓட்டை விழும். ஓட்டையை அடைத்தாலும் விரிசல் அதன் அருகிலேயே மீண்டும் தோன்றும். அத்தகைய உறுப்பை முழுமையாக மாற்றுவதே தகும்.

உடல்நலக் கேடுகள்

உலோகப் புகைக் காய்ச்சல்

துத்தநாகம் சுமார் 420 பாகை செல்சியசில் உருகி, 907 பாகையில் கொதிக்கிறது. எஃகு உருகுவதற்கோ சுமார் 1,500 பாகை தேவை. ஆகவே எஃகு உருகும் முன்னரே அதன் மேலுள்ள துத்தநாகம் ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து வெண்ணிறத் துத்தநாக ஆக்சைடுப் புகையாக மாறுகிறது. இதனைச் சுவாசிப்போருக்கு உலோகப் புகைக் காய்ச்சல் உண்டாகிறது. பித்தளை வார்ப்புத் தொழிலாளரிடம் காணப்பட்ட இந்நோயைப் பிரித்தானிய மருத்துவர் கிரீன்ஹோ 1862 இல் விவரித்துள்ளார்.

இதன் அறிகுறிகள் உடனே தோன்றுவதில்லை. வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர் நடுக்கம், காய்ச்சல், தசைவலி, வறட்டு இருமல் ஆகியன தோன்றுகின்றன. பொதுவாக ஓரிரு நாட்களில் இவை தாமாகவே தணிகின்றன. தொடர்ந்து புகைக்கு ஆட்படுவோரிடம் ஒருவகைத் தற்காலிகத் தாங்குதிறன் ஏற்பட்டு, வார விடுமுறையில் அது மறைந்துவிடுவதால், இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரும் உண்டு. பால் குடித்தால் இந்நோய் வராது என்ற நம்பிக்கை பற்றவைப்போரிடையே பரவியுள்ளது. புகை நுரையீரலின் வழியே தாக்குவதால் பால் அதைத் தடுப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகள், எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் துத்தநாக ஆக்சைடுப் புகையை உச்ச வரம்பாகக் கொண்டுள்ளன.

அதனினும் கொடியவை

இருவகை நச்சுகள் உலோகப் புகைக் காய்ச்சலைப் போலவே தொடங்கி உயிரைப் பறிக்கக்கூடியவை.

* காட்மியம்: சில பழைய மரைகளும் திருகாணிகளும் துத்தநாகத்திற்குப் பதிலாகக் காட்மியம் பூசப்பட்டவை. காட்மியப் புகை நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மரணம் விளைவிக்கும். எனவே, பூச்சு எதுவெனத் தெரியாத திருகாணிகளைப் பற்றவைக்காமல் கழற்றிவிட வேண்டும்.
* பொசுசீன்: நிறுத்துகருவிகளைத் துப்புரவாக்கும் நீர்மங்கள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் உள்ளன. இவற்றின் ஆவி மின்வில்லின் வெப்பத்தாலும் புறஊதாக் கதிராலும் சிதைந்து பொசுசீன் என்ற நச்சு வளிமம் உண்டாகிறது. பற்றவைக்கும் பரப்பை இவற்றால் துடைத்தல் ஆகாது.

பற்றவைத்த பின் மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, காய்ச்சல் இரண்டு நாட்களில் தணியாவிட்டாலோ மருத்துவரை நாடி, எப்பொருளைப் பற்றவைத்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

முன்னேற்பாடுகள்

* படகை இழுவண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். கண்ணாடியிழைப் படகும் எரிபொருள் தொட்டியும் தீப்பொறிக்கு அருகில் இருத்தல் கூடாது.
* இழுக்கும் ஊர்தியிலிருந்து வண்டியையும் அதன் மின்கம்பிகளையும் பிரித்துவிட வேண்டும்.
* பற்றவைக்கும் இடம் சக்கரத்தை ஒட்டியிருப்பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சூடேறும் வட்டகையிலுள்ள காற்றடைத்த வட்டு வெடிக்கக்கூடும்.
* மின்சுற்றை நிறைவு செய்யும் புவிக் கவ்வியை, பற்றவைக்கும் இடத்தின் அருகிலேயே தூய உலோகத்தில் பொருத்த வேண்டும். தொலைவில் பொருத்தினால் மின்னோட்டம் சக்கரத்தின் உருள்தாங்கிகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.
* முழுவதும் மூடப்பட்ட குழாயினுள் நீர் தேங்கியிருப்பின் அது நீராவியாகி அழுத்தத்தால் வெடிக்கும். வடிகால் துளை திறந்துள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.
* வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமாக அல்லாமல் பக்கவாட்டில் வீசும்படி நின்று செய்தல் நன்று. முகத்தைப் புகைத்தூணுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். பற்றவைப்பு முகமூடியின் அடியில் பி 100 அல்லது பி 3 தர வடிகட்டியுள்ள அரைமுகச் சுவாசக் கவசம் அணிதல் வேண்டும். துணி முகமூடி இப்புகையைத் தடுக்காது.
* தீயணைப்பானை அருகில் வைத்திருப்பதுடன், வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம் இடத்தைக் கண்காணிக்க வேண்டும்.

பூச்சை அகற்றுதல்

அமெரிக்கப் பற்றவைப்புக் கழகத்தின் பரிந்துரை, இணைப்பின் இருபுறமும் 2.5 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலும், தகட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் துத்தநாகத்தை அகற்றக் கூறுகிறது. வீட்டில் இதற்குக் கையடக்கச் சாணை எந்திரத்தில் பொருத்தும் மடிப்பு உப்புத்தாள் தட்டு பயன்படுகிறது. துத்தநாகம் சற்று நீலம் கலந்த சாம்பல் நிறமும், எஃகு பளிச்சென்ற வெண்மையும் உடையன. நிறம் மாறும் வரை தேய்த்தால் போதுமானது. ஆழமாகத் தேய்த்தால் சுவர் மெலியும்.

நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலமும் துத்தநாகத்தைக் கரைக்கிறது. இவ்வினையில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வளிமம் வெளியாவதாலும், எஞ்சிய அமிலம் இடுக்குகளில் தங்கி அரிமானத்தை விரைவுபடுத்துவதாலும், கூட்டிணைத்த சட்டத்தில் இதனைத் தவிர்ப்பது நல்லது.

குழாயின் உட்புறப் பூச்சை எம்முறையாலும் எளிதில் அகற்ற இயலாது. பற்றவைக்கும்போது அது உள்ளேயே எரிந்து, ஆவி இணைப்பின் வழியே வெளிவர முயலும். வீட்டில் செய்யும் பணியின் மிகப் பெரிய குறைபாடு இதுவே ஆகும்.

பற்றவைக்கும் முறை

துத்தநாகம் எஞ்சியிருப்பின் மின்வில் நிலையற்றதாகி, தெறிப்பு மிகுந்து, இணைப்பில் நுண்துளைகள் உண்டாகின்றன. மேலும் உருகிய துத்தநாகம் எஃகின் மணிகளுக்கிடையே ஊடுருவி விரிசலை உண்டாக்கக்கூடும். மூலை இணைப்புகளில் இது மிகுதி. சிலிக்கன் குறைந்த நிரப்பு உலோகம் இவ்விரிசலைக் குறைக்கிறது.

திறந்த வெளியில் காற்று வீசுமாதலால், காப்பு வளிமத்தை நம்பியுள்ள மிக் முறையைவிடப் பூச்சுக்கோல் முறையோ இளக்கி உள்ளீடுள்ள கம்பி முறையோ ஏற்றது. 3 மில்லிமீட்டர் சுவருள்ள குழாய்க்கு 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள 6013 வகைக் கோலும், சுமார் 70 முதல் 100 ஆம்பியர் மின்னோட்டமும் வழக்கமாகப் பயன்படுகின்றன. ஆழமாக ஊடுருவும் 6011 வகைக் கோல், முற்றிலும் தூய்மையாக்க இயலாத இடங்களுக்குப் பொருந்தும். ஆயினும் மெல்லிய சுவரில் அது எளிதில் ஓட்டையிடும்.

விரிசலைச் சீர்செய்கையில் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, விரிசல் மேலும் ஓடுவதைத் தடுத்த பின்னர், முழு நீளத்திற்கும் வி வடிவப் பள்ளம் தேய்த்து நிரப்ப வேண்டும். மேற்பரப்பில் மட்டும் உலோகத்தைப் படியவிடுவது விரிசலை மறைக்குமேயன்றி மூடாது. கோலைச் சற்று மெதுவாகச் செலுத்தினால், குளத்திற்கு முன்னால் துத்தநாகம் எரிந்து விலக நேரம் கிடைக்கிறது.

பட்டைவில்கள், இரப்பர் முறுக்கு அச்சுகள், வார்ப்பிரும்பு இணைப்பிகள் ஆகியவற்றைப் பற்றவைத்தல் ஆகாது. வில்லெஃகின் பதம் வெப்பத்தால் கெடும்; முறுக்கு அச்சினுள் உள்ள இரப்பர் கருகும்.

வலுவூட்டல்

விரிசல் விட்ட இடத்தில் தடித்த தகட்டை ஒட்டுவது மட்டும் வலுவூட்டல் ஆகாது. சட்டத்தின் ஆழமே அதன் விறைப்பை மிகுதியாகத் தீர்மானிக்கிறது. இதனைக் கீழ்க்காணும் கணக்கு விளக்கும்.

* 50 x 50 x 3 மில்லிமீட்டர் குழாயின் சுவரை, வெளி அளவு மாறாமல் 6 மில்லிமீட்டராகத் தடிப்பாக்கினால் எடை 1.87 மடங்காகிறது; விறைப்பு 1.66 மடங்கே ஆகிறது.
* அதே 3 மில்லிமீட்டர் சுவருடன் ஆழத்தை 75 மில்லிமீட்டராக்கினால் எடை 1.27 மடங்கே ஆகிறது, விறைப்பு 2.65 மடங்காகிறது.

இழுதண்டின் முனையை இழுக்கும் ஊர்தியின் பந்து மேல்நோக்கித் தாங்குவதால், இழுதண்டின் அடிப்பரப்பு இழுவிசைக்கு உட்படுகிறது. அப்பரப்பின் குறுக்கே பற்றவைத்தால் களைப்பு விரிசல் அங்கேயே தொடங்கும். ஆகவே வலுவூட்டும் தகடுகளைக் குழாயின் பக்கச் சுவர்களில் பொருத்தி, நீளவாட்டில் பற்றவைக்க வேண்டும். தகட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் மீன்வால் அல்லது சாய்சதுர வடிவில் வெட்டினால், விறைப்பு திடீரென மாறுவது தவிர்க்கப்படும்.

நாகமுலாமிட்ட கோணச் சட்டங்களையும் ப வடிவ மரைகளையும் கொண்டு பூட்டி வலுவூட்டுவது மாற்று முறையாகும். இதில் பூச்சு எரிவதில்லை. நச்சுப் புகையும் இல்லை. துளையிட நேர்ந்தால் பக்கச் சுவரின் நடு உயரத்தில், வளைவுத் தகைவு மிகக் குறைவாக உள்ள இடத்தில் இடுதல் வேண்டும்.

பூச்சை மீட்டல்

எரிந்த பூச்சை மீட்க ஏ.எஸ்.டி.எம் ஏ 780 சீர்தரம் மூன்று முறைகளைக் கூறுகிறது.

* துத்தநாகம் செறிந்த வண்ணப்பூச்சு: வீட்டில் எளிதில் செய்யத்தக்கது. பூச்சு எஃகை நேரடியாகத் தொட்டால்தான் மின்வேதிக் காப்புக் கிடைக்கும். ஆகவே கசடு, தெறிப்பு, துரு அனைத்தையும் நீக்கி, வேறு அடிப்பூச்சு எதுவுமின்றிப் பூச வேண்டும்.
* துத்தநாகக் கலப்புலோகக் கோல்: பரப்பைச் சுமார் 315 பாகைக்குச் சூடாக்கி, கோலைத் தேய்த்து உருக்கிப் பரப்புவது.
* துத்தநாகத் தெளிப்பு: உருகிய துத்தநாகத்தைக் கருவியால் தெளிப்பது. பட்டறைகளில் செய்யப்படுகிறது.

வெள்ளி நிற அலுமினிய வண்ணம் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இக்காப்பைத் தராது. குழாயின் உட்புறத்தில் மெழுகு அல்லது கம்பளிக் கொழுப்பு சார்ந்த எண்ணெயைத் தெளித்து ஓரளவு காக்கலாம்.

பெரிய அளவில் சீர்செய்த சட்டத்தை மீண்டும் தொட்டியில் அமிழ்த்திப் பூசுவது சிறந்த தீர்வாகும். அதற்கு ஒவ்வொரு குழாயிலும் காற்றுப்போக்கித் துளைகள் இருத்தல் கட்டாயம். மூடிய குழி எதுவும் 450 பாகை உலோகத்தில் வெடித்துத் தொழிலாளரைக் காயப்படுத்தும்.

சட்ட நிலை

பொதுச் சாலையில் செல்லும் இழுவண்டி உடைந்தால் பிறர் உயிருக்கும் ஆபத்து என்பதால் நாடுகள் விதிகளை வகுத்துள்ளன. ஆஸ்திரேலியாவில் அச்சுகளின் மீது தாங்கும் நிறை 750 கிலோகிராமைத் தாண்டினால் நிறுத்துகருவியும், 2,000 கிலோகிராமைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் நிறுத்துகருவியும் தேவை. வலுவூட்டியதனால் வண்டியின் சட்டபூர்வத் தாங்குநிறை உயர்ந்துவிடுவதில்லை. அச்சு, வட்டகை, இணைப்பி, நிறுத்துகருவி ஆகியவற்றுள் மிகக் குறைந்த திறனுடைய உறுப்பே வண்டியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. வலுவூட்டலுக்காகச் சேர்த்த எஃகின் எடை, ஏற்றக்கூடிய படகின் எடையிலிருந்து கழிகிறது.

இவற்றையும் பார்க்க

* துத்தநாகம்
* அரிமானம்
* மின்வில் பற்றவைப்பு
* உலோகக் களைப்பு